தேயிலைக் காசில் வந்த ரஷ்யக் கண்

1928இல் மொஸ்கோவில் ஓவியர் அலெக்சாண்டர் ரொட்சென்கோ ஒரு லைக்கா கமரா வாங்கினார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து வீதியைப் படமெடுத்தார். தரையோடு குனிந்து ஆளை அண்ணாந்து எடுத்தார். 1930இல் அவர் எடுத்த, எக்காளம் ஊதும் சிறுவனின் படத்தில் நாடியும் உப்பிய கன்னமும்தான் முதலில் கண்ணில் படும். இப்படிப்பட்ட கோணங்களுக்காகவே விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

1917 புரட்சி, ஓவியர்களைச் சட்டகத்தை விட்டு வெளியே இழுத்திருந்தது. ரொட்சென்கோ 1921இல் மூன்று படங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொரு நிறத்தை மட்டும் பூசி மாட்டிவிட்டு, ஓவியத்தின் கதை முடிந்தது என்றார். பிறகு சுவரொட்டி, புத்தக அட்டை, புகைப்படம் என்று இறங்கினார். அவர் மனைவி வர்வாரா ஸ்தெபானோவாவும் லியுபோவ் பொப்போவாவும் 1923 அளவில் மொஸ்கோவின் அரச துணி அச்சு ஆலைக்கு வேலைக்குப் போனார்கள். பூவும் கொடியும் ஓடிய துணியில் வட்டமும் கோடும் கட்டமும் ஏறின. பொப்போவாவுக்கு அதிக காலம் கிடைக்கவில்லை. மகனைப் பறித்த காய்ச்சலே 1924இல் அவரையும் கொண்டுபோனது.

ரஷ்யக் கலைஞர்களின் இந்தப் புதுப் பார்வை இலங்கைக்கு வந்த வழி வேடிக்கையானது. கட்சி கொண்டுவரவில்லை, இலங்கைத் தேயிலைப் பிரசார சபை காசு கொடுத்துக் கொண்டுவந்தது.

ரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டீனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்துக்குப் பிரிட்டனில் தடை. 1929 நவம்பரில் லண்டன் ஃபிலிம் சொசைட்டி அதைத் தன் உறுப்பினர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டியது. வடகடல் மீனவர்களைப் பற்றி ஜோன் கிரியர்சன் எடுத்த ‘டிரிஃப்டர்ஸ்’ படமும் அதே நிகழ்ச்சியில் ஓடியது. அந்தக் கிரியர்சனிடம் தொழில் படித்த பசில் ரைட்தான் 1934இல் இங்கே வந்து ‘சோங் ஒஃப் சிலோன்’ எடுத்தார்.

படத்தின் மூன்றாம் பகுதிக்கு ‘வணிகத்தின் குரல்கள்’ என்று பெயர். திரையில் உழைக்கும் கைகள் தெரிய, காதில் சந்தை விலையும் கப்பல் விபரமும் வியாபாரக் கடித வாசகங்களும் விழுகின்றன. ஒலி படத்துக்குப் பின்னால் ஓடக்கூடாது, அதோடு முரண்பட வேண்டும் என்று ஐசன்ஸ்டீன் உள்ளிட்ட மூன்று ரஷ்ய இயக்குநர்கள் 1928இல் அறிக்கை விட்டிருந்தார்கள். அந்தப் பாடத்தைத் தேயிலை வியாபாரிகளின் செலவிலேயே செய்து காட்டியது ரைட்டின் கெட்டித்தனம். ஆனாலும் அவரது இலங்கை, புத்தரில் தொடங்கித் தெய்வத்தில் முடிகிற இலங்கை. நான்கு பகுதிகளில் கிழக்குக் கரைக்கென்று ஒன்றும் இல்லை.

அந்தப் படத்துக்குக் குரல் கொடுத்தவர் கொழும்பின் லயனல் வென்ட். சட்டம் படித்தவர், பியானோ கலைஞர், அவர் கையிலும் ஒரு லைக்கா. பல நெகட்டிவ்களை ஒன்றாக இணைத்தும், இருட்டறையில் ஒளியும் நிழலும் தலைகீழாகும்படி செய்தும் படம் போட்டார். இதில் அவர் மொஸ்கோவைவிடப் பாரிஸுக்கே கடன்பட்டவர் என்று சொல்லவேண்டும். 1943இல் ‘43 குழு’ என்ற ஓவியர் கூட்டம் கூடியதும் அவர் வீட்டில்தான். மறு ஆண்டே காலமானார்.

அதற்குள் ரஷ்யாவில் எல்லாம் மாறிவிட்டது. 1932 ஏப்ரல் ஆணையால் கலைக் குழுக்கள் கலைக்கப்பட்டன. சோவியத் சுவரொட்டிக்குப் புகைப்படத்தை வெட்டி ஒட்டும் முறையில் பெயர் பெற்ற குஸ்தாவ் குளுட்சிஸ் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். படங்கள் கிடங்குக்குப் போயின.

கல்முனையிலிருந்து எம்.ஏ.நுஃமான் ‘கவிஞன்’ இதழை நடத்திய 1969-70 காலத்தில், மொஸ்கோவில் அச்சான மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்கள் நம் வாசகர்களுக்குப் பழக்கமானவை. கோர்க்கி வந்தார். கவிஞர் மாயாகோவ்ஸ்கியின் பெயரும் வந்தது. அவருடைய 1923ஆம் ஆண்டு நூலுக்கு ரொட்சென்கோ வெட்டி ஒட்டிய படங்கள் மட்டும் வந்து சேரவில்லை.

ரஷ்யாவில் அப்படி ஒதுக்கப்பட்ட ஓவியங்களில் ஒரு பெரும் தொகுதி ஒரு முஸ்லிம் பிரதேசத்தில்தான் பிழைத்தது. உஸ்பெகிஸ்தானின் கரக்கல்பாக் பகுதியில், நுக்குஸ் என்ற பாலைவன நகரத்தில், இகோர் சவீட்ஸ்கி அவற்றைச் சேர்த்து வைத்தார். அவர் அமைத்த நூதனசாலை 1966இல் திறந்தது, இன்றும் இருக்கிறது.

பொப்போவாவின் துணி வடிவங்களை இன்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அவை அச்சுக்குப் போட்டவைதான். ஆனால் கோடும் கட்டமும் தறிக்குப் புதிதல்ல. மருதமுனையில் சாரனுக்கும் சாரிக்கும் டிசைன் போடுகிறவர்கள் அவற்றை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும்.