கிள்ளான் ஆறும் மூன்று மொழிச் சொற்களும்



தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளியில் மூன்று மொழிகளைப் படிக்கின்றனர். தமிழில் ஆறு என்பது மலாய்ப் பாடத்தில் சுங்கை. ஆங்கிலப் பாடத்தில் ரிவர். மூன்றையும் மூன்று சுமைகளாக எண்ணி மலைக்கும் பிள்ளைகள் உண்டு. அதைக் கண்டு கவலைப்படும் பெற்றோரும் உண்டு. ஆனால் சொற்கள் வந்த வழியை அறிந்துகொண்டால் அந்தச் சுமை பாதியாகக் குறையும். நம் முன்னோர் வந்து இறங்கிய இந்த மண்ணின் வரலாறும் அதனுடன் சேர்ந்து விளங்கும். கிள்ளான் ஆற்றைத் துணையாகக் கொண்டு இன்று அதைப் பார்ப்போம்.

கிள்ளான் ஆறு கோலாலம்பூருக்கு வடகிழக்கே உள்ள மலைகளில் பிறக்கிறது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி, கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது.

எந்த மொழி பேசும் மக்களும் ஆற்றைத் தம் உடம்பைப் போலவே எண்ணியிருக்கின்றனர். ஆறு பிறக்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'ஹெட்' என்பார்கள். தலை என்று பொருள். மலாய்மொழியில் அது 'உலு'. பழைய மலாயில் அந்தச் சொல்லுக்கும் தலை என்ற பொருள் உண்டு. உலு லங்காட், உலு சிலாங்கூர் என்னும் ஊர்ப்பெயர்கள் அந்தந்த ஆற்றின் தலைப்பகுதியைக் குறிக்கின்றன. காவிரி பிறக்கும் இடத்தை நாமும் தலைக்காவிரி என்றுதானே சொல்கிறோம்! நீர் சுரக்கும் இடம் தமிழில் ஊற்றுக்கண். மலாயில் 'மாத்தா ஆயர்', அதாவது நீரின் கண். ஆறு கடலில் சேரும் இடம் ஆங்கிலத்தில் 'மௌத்', வாய். தமிழில் கழிமுகம், முகத்துவாரம். ஆறு கிடக்கும் இடம் ஆங்கிலத்தில் 'பெட்', படுக்கை, தமிழில் படுகை. இவ்வளவு நெருங்கிய சொற்களை அந்நியம் என்று சொல்ல முடியுமா?

ஓர் இடத்தில் மட்டும் மூன்று மொழிகளும் மூன்று விதமாகப் பார்க்கின்றன. பெரிய ஆற்றில் வந்து சேரும் சிற்றாற்றை மலாய்மொழி 'அனாக் சுங்கை' என்கிறது. ஆற்றின் பிள்ளை என்று பொருள். தமிழ் அதைத் துணையாறு என்கிறது. ஆங்கிலமோ 'டிரிபியூட்டரி' என்கிறது. 'டிரிபியூட்' என்றால் கப்பம். சிற்றரசன் பேரரசனுக்குக் கப்பம் கட்டுவதுபோலச் சிற்றாறு தன் நீரைக் கொண்டுவந்து கட்டுகிறதாம். கப்பம் என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் ஆற்றில் பெரும் போர் மூண்டதற்கும் அதுதான் காரணம்.

1857ஆம் ஆண்டு கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தோண்டுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் ஏற்றி ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினார். இப்படி ஓட்டத்தை எதிர்த்து மேலே போவதை ஆங்கிலத்தில் 'அப்ஸ்ட்ரீம்' என்றும், ஓட்டத்தோடு கீழே வருவதை 'டவுன்ஸ்ட்ரீம்' என்றும் சொல்வார்கள். மலாயில் உலு, இலிர். ஒருவன் காரணமில்லாமல் இங்குமங்கும் அலைந்தால் 'கெ உலு கெ இலிர்' என்று மலாய்க்காரர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சாலைகள் வருவதற்கு முன் ஆறே வழியாக இருந்த காலத்தின் பேச்சு அது. அந்த 87 பேரும் கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு சேரும் இடத்தில் கரையேறி, காட்டு வழியே அம்பாங்கிற்கு நடந்தனர். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் பெரும்பாலோரைக் கொன்றது. எஞ்சியவர் 18 பேரே.

அவர்கள் கரையேறிய இடமே கோலாலம்பூர். இரண்டு நீர்கள் சேரும் இடம் மலாயில் 'குவாலா'. அதையே நாம் 'கோலா' என்று எழுதுகிறோம். 'லும்பூர்' என்றால் சேறு. சேரும் சிற்றாற்றின் பெயரையே கூடலுக்கு வைப்பது மலாய் வழக்கம். அப்படியானால் கோலா கோம்பாக் என்றல்லவா பெயர் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கேட்டு, பல விளக்கங்கள் தருகின்றனர். எப்படியாயினும், சேறும் கூடலும் பெயரிலேயே நிலைத்துவிட்டன. ஆங்கிலத்தில் கூடலுக்கு 'கான்புளுவன்ஸ்' என்று பெயர். சேர்ந்து ஓடுதல் என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மனியில் ரைன் ஆறும் மோசெல் ஆறும் சேரும் இடத்தில் உள்ள கோப்லென்ஸ் நகரின் பெயரும் அதே சொல்லிலிருந்து பிறந்தது. காவிரியும் பவானியும் சேரும் இடத்தை நம்மவர் கூடுதுறை என்றனர். 1909இல் கட்டப்பட்ட ஜாமெக் பள்ளிவாசலுக்கு அருகில் நின்றால் கோலாலம்பூரின் கூடலை இன்றும் காணலாம்.

இனிக் கப்பத்தின் கதைக்கு வருவோம். ஈயம் படகில் ஆற்றின் கீழே வந்தது. அரிசியும் அபினும் மேலே போயின. கழிமுகத்தைக் கையில் வைத்திருந்தவர் எல்லாப் படகுகளுக்கும் வரி வாங்க முடிந்தது. அந்த வரியைப் பற்றிய சச்சரவே முற்றி, 1867இல் ராஜா மஹ்டி கிள்ளானைக் கைப்பற்றினார். சிலாங்கூர்ப் போர் 1873 வரை நீண்டது, கோலாலம்பூரே பாழாயிற்று. அதை மீண்டும் எழுப்பியவர் கப்பித்தான் யாப் ஆ லோய்.

போட்டியாளனை ஆங்கிலத்தில் 'ரைவல்' என்பார்கள். அதன் மூலம் 'ரீவுஸ்' என்னும் இலத்தீன் சொல். ஓடை என்று பொருள். ஒரே ஓடையில் நீர் எடுக்கும் அயலானே முதலில் 'ரைவல்' எனப்பட்டான். வாய்க்கால் தண்ணீருக்காக வரப்பில் நடந்த சண்டைகளைப் பற்றிப் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்.

1880இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மறு ஆண்டே தீயும் வெள்ளமும் அந்த ஊரை அழித்தன. அத்தாப்புக் கூரைகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹம் ஆணையிட்டார். கிள்ளான் ஆற்றை ஒட்டிய களிமண் நிலத்தில் செங்கற்சூளைகள் எழுந்தன. அப்படி வந்த பெயரே பிரிக்பீல்ட்ஸ். பிறகு இரயில்வேத் தொழிலாளர்களாகத் தமிழர்கள் அங்கே பெருமளவில் குடியேறினர். 1886இல் இரயில் ஓடத் தொடங்கியதும் ஈயம் படகை விட்டு இரயிலில் ஏறியது. வழியாக இருந்த ஆறு மெல்ல மெல்ல வெறும் வடிகாலாக எண்ணப்பட்டது.

1901 செப்டம்பரில் கழிமுகத்தில் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. சுற்றிலும் கண்டல் காடும் சதுப்பும் இருந்ததால் மலேரியா உடனே பரவியது. கிள்ளானில் பணிபுரிந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து நோயைக் கட்டுப்படுத்தினார். தோட்டங்களில் நம்மவர் வெட்டிய கான்களுக்குப் பின்னாலும் இந்த அனுபவம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய ஆயிரக்கணக்கானோர் இந்தத் துறைமுகத்தில் இறங்கினர். 1972இல் அதன் பெயர் போர்ட் கிள்ளான் என மாறியது. வந்து சேர்வதை ஆங்கிலத்தில் 'அரைவ்' என்கிறோம். அந்தச் சொல் 'ரீப்பா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கரை என்று பொருள். கரை சேர்வதே 'அரைவ்'. 'ரிவர்' என்ற சொல்லும் அதே கரையிலிருந்து பிறந்ததுதான். நம் முன்னோர் கரை சேர்ந்த கதை இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

சொற்களைத் தனியே கற்றால் போதாது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதையும் கற்க வேண்டும். கனமழை என்று நாம் சொல்வதுபோல ஆங்கிலத்திலும் 'ஹெவி ரெயின்'தான். 'பிக் ரெயின்' என்றால் பிழை. மலாயில் 'ஹூஜான் லெபாட்', அடர்ந்த மழை. ஆறு கரைபுரண்டது என்பதை ஆங்கிலத்தில் 'பர்ஸ்ட் இட்ஸ் பேங்க்ஸ்' என்பார்கள். கரையை உடைத்தது என்று பொருள். சற்று நேரத்தில் ஏறும் வெள்ளம் 'பிளாஷ் பிளட்'. மலாயில் 'பஞ்சிர் கீலாட்', அதாவது மின்னல் வெள்ளம். வண்டல் படிந்து தூர்ந்துபோவது 'சில்ட் அப்'.

இவை தேர்வுக்கு மட்டும் உரிய சொற்கள் அல்ல. 1926இலும் 1971 ஜனவரியிலும் கோலாலம்பூர் வெள்ளத்தில் மூழ்கியது. காவிரி வெள்ளத்தைக் கொள்ளும் இடமாகக் கொள்ளிடம் இருப்பதுபோல, கிள்ளான் ஆற்றின் வெள்ளத்தைத் திருப்பிவிட 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கவழி திறக்கப்பட்டது. அப்படியும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் வீடுகளுக்குள் ஏறி, நம் குடும்பங்கள் பலவற்றைத் தவிக்க வைத்தது. வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று நீர்மட்டத்தை நான்கு சொற்களால் அறிவிக்கிறது: நோர்மல், வாஸ்பாடா, அமாரான், பஹாயா. இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்பது பொருள். 'வாஸ்பாடா' என்ற சொல்லைப் புரிந்துகொண்ட வீட்டில் அடையாளக் கார்டும் பிறப்புப் பத்திரமும் முன்னதாகவே மேலே ஏறிவிடும். பாட்டியும் கைக்குழந்தையும் பகல் வெளிச்சத்திலேயே மேட்டு நிலத்துக்குப் போய்விடுவார்கள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுக்கு அருகில் ஓடும் ஆற்றின் பெயர் என்ன? அது எங்கே பிறக்கிறது, எதனோடு கூடுகிறது, எங்கே கடலைச் சேர்கிறது? இந்த வாரம் பிள்ளைகளிடம் கேளுங்கள். விடையைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லச் சொல்லுங்கள். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அவற்றின் பெயர்களும் மறைந்துவருகின்றன. ஆற்றின் பெயர் அப்படி எளிதில் மறைவதில்லை. அதைப் பற்றிக்கொண்டு நம் பிள்ளைகள் மூன்று மொழியையும் கற்கலாம். தாம் எந்தக் கரையில் வளர்ந்தோம் என்பதையும் மறவாமல் இருக்கலாம்.