முழுச் சந்திர கிரகணமும் இட வேறுபாடும்

சூரிய கிரகணம் சந்திரனின் நிழல் படியும் குறுகிய பாதையில் நிற்பவர்களுக்கே முழுமையாகப் புலப்பட, சந்திர கிரகணமோ, சந்திரனே பூமியின் சாயைக்குள் புகுந்து ஒளி குன்றுவதாகையால், அந்நேரத்தில் அதனை அடிவானத்துக்கு மேலே காணும் தேசத்தார் அனைவருக்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிகிறது. இடத்துக்கு இடம் மாறுபடுவன அவ்வவ்வூர்க் கடிகார நேரமும், சந்திரன் நிற்கும் உயரமும், நிழல் அதன் வட்டத்தைக் கவ்வும் சாய்வுமே.

2025 செப்டம்பர் 7ஆம் தேதி 82 நிமிஷம் நீடித்த முழு மறைப்பைச் சென்னையில் இரவு 11 மணி முதல் உச்சி வானுக்கு அருகே பார்த்தார்கள். டோக்கியோவில் அப்போது மறுநாள் அதிகாலை 2.30; லண்டனிலோ சந்திரன் உதிக்கும்போதே செந்நிறம் பூண்டு, அந்தி வெளிச்சத்தில் கண்ணுக்கு எளிதில் அகப்படாதவாறு மங்கிக் கிடந்தது; நியூயார்க்கில் பட்டப்பகல்.

இந்த நேர வேறுபாட்டையே பண்டையோர் தீர்க்கரேகை அறியும் கருவியாக்கினர் என்பது விஞ்ஞான வரலாற்றின் சிறந்த சிந்தனைகளுள் ஒன்றாகும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிஷம் ஆகிறது. ஆகவே ஒரே கிரகணத்தை இரண்டு ஊரார் தத்தம் சூரிய நேரப்படி குறித்து ஒப்பிட்டால், ஊர்களின் கிழக்கு மேற்குத் தொலைவு தானே வெளிப்படும். கி.மு. 331இல் கௌகமேலாப் போருக்குச் சில நாட்களுக்கு முன் நிகழ்ந்த கிரகணம் அர்பேலாவில் ஐந்தாம் மணியிலும் கார்த்தேஜில் இரண்டாம் மணியிலும் காணப்பட்டதாக வானியலறிஞர் தாலமி குறித்தார். உண்மையான வேறுபாடு ஏறக்குறைய இரண்டேகால் மணியே; முறை செம்மையானது, கிடைத்த குறிப்புத்தான் பிழைபட்டது. அதனினும் போற்றத்தக்கது, கி.பி. 997 மே 24 அன்று வானியலறிஞர்களான அல்பிரூனி காத் நகரிலும் அபுல் வஃபா பாக்தாதிலுமாக, முன்னரே பேசிவைத்துக்கொண்டு ஒரே கிரகணத்தை நோக்கியமை: அவர்கள் கண்ட ஒரு மணி அளவான வேறுபாடு மெய்ந்நிலைக்கு மிக அணித்தானது.

எனினும் சாயையின் விளிம்பு கத்தி முனைபோல் இராது. தொலைநோக்கியில் பார்த்தால், சந்திரனிலுள்ள டைக்கோ போன்ற பள்ளமொன்று எந்த விநாடியில் இருளில் அமிழ்ந்தது என்று அறுதியிடப் பழகிய கண்ணும் தயங்கும். பூமியின் வாயுமண்டலம் அந்நிழலைக் கணக்குக்குச் சுமார் 2 சதவீதம் மிகுத்து, ஓரத்தையும் கலங்கச் செய்துவிடுகிறது. காலக் குறிப்பில் ஒரு நிமிஷம் தவறினால், பூமத்திய ரேகையில் அது 28 கிலோமீட்டர்ப் பிழையாகும். பிற்காலத்தார் வியாழனின் துணைக்கோள்களின் மறைப்பை நாடியது இக்குறையைப் பற்றியே.

மறைந்த சந்திரனின் செம்மையும் வாயுமண்டலம் வளைத்தனுப்பும் ஒளியாலாவது. பாலியின் அகுங் எரிமலை வெடித்த 1963ஆம் ஆண்டின் டிசம்பர் கிரகணத்தில், வானில் பரவிய தூசியால் அவ்வொளியும் தடைப்பட, சந்திரன் ஏறக்குறையக் கண்ணுக்கே தெரியாமற் போயிற்று.