வூடூ கார்டு எப்படி அநாதையானது?

"அண்ணா, கேம் திக்கித் திக்கி ஓடுது. புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கட்டா?" சொந்தக்காரப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் செய்தி இது. "டிரைவரைக் கடைசியாக எப்போது அப்டேட் செய்தாய்?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. பெட்டிக்குள் செருகும் பலகைதான் கார்டு என்று நினைக்கிறார்கள். பலகை பாதிதான். அதற்கு திரீடிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனியின் கதையே சாட்சி.

1990களின் நடுவில், வீட்டுக் கணினிகளில் கேம் காட்சிகளைப் பெரும்பாலும் சிபியூவே கணக்குப் போட்டு வரைந்தது. 640க்கு 480 திரையில் 3,07,200 புள்ளிகள். நொடிக்கு 30 படம் என்றால் சுமார் 92 லட்சம் முறை நிறம் கணக்கிட வேண்டும். ஒவ்வொன்றும் சின்னக் கணக்குதான், ஆனால் முடிவே இல்லாத கணக்கு. சிபியூ ஒரு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. எதைக் கொடுத்தாலும் செய்வார், ஒன்றன்பின் ஒன்றாக. அவரை நாற்று நடச் சொன்னால் எப்போது வயல் முடியும்?

நடவுக்கென்றே தனி ஆள் வைத்தது திரீடிஎஃப்எக்ஸ். 1994இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கிய கம்பெனி அது. 1996இல் வந்த அவர்களது வூடூ கார்டில் நினைவகம் 4 எம்பி. (இன்று நம் போனில் எடுக்கும் ஒரு படமே சில சமயம் அதற்குள் அடங்காது.) அதற்கு முப்பரிமாணம் மட்டும்தான் தெரியும். சாதாரணத் திரைக்குப் பழைய கார்டும் வேண்டும். இரண்டையும் பின்னால் ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். இருந்தும் 1997 தொடக்கத்தில் குவேக் கேமின் ஜிஎல்குவேக் பதிப்பு வந்ததும், வூடூ வைத்திருந்தவர்களுக்கு அதே கேம் புதிதாகத் தெரிந்தது.

வூடூவுடன் பேச கிளைடு என்ற தனி மொழி இருந்தது. கேம் எழுதுபவர்கள் அதை விரும்பினார்கள். ஆனால் கிளைடு வேறு எந்தக் கம்பெனியின் கார்டுக்கும் கிடையாது. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி எல்லாக் கார்டுக்கும் பொதுவாக வளர்ந்தபோது கிளைடின் மவுசு குறைந்தது. அதைவிடப் பெரிய அடி, என் கணிப்பில், 1998 டிசம்பரில் எஸ்டிபி என்ற கார்டு தயாரிப்பாளரை வாங்கப்போவதாக அறிவித்தது. அதுவரை சிப்பை வாங்கிக் கார்டு செய்து விற்ற கம்பெனிகளுக்கே போட்டியானார்கள். வாடிக்கையாளரோடு மல்லுக்கு நின்றால் யார் சிப் வாங்குவார்கள்? 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தது. 2000 டிசம்பரில் திரீடிஎஃப்எக்ஸ் தன் முக்கியச் சொத்துகளை அதே என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது.

வூடூ வைத்திருந்தவர்களின் கார்டில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் என்விடியா அவற்றுக்கு டிரைவர் தரும் பொறுப்பை ஏற்கவில்லை. டிரைவர் என்பது விண்டோஸுக்கும் சிப்புக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். அவர் போய்விட்டால் நல்ல சிப்பும் ஊமைதான். பல ஆண்டுகள் ரசிகர்களே டிரைவர் எழுதிச் சமாளித்தார்கள்.

ஆகவே காசைச் செலவழிக்கும் முன் டிவைஸ் மேனேஜரைத் திறந்து கார்டின் பெயரைப் பாருங்கள். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் எதுவோ, அவர்களின் சொந்தத் தளத்திலேயே டிரைவரை எடுங்கள். பிறகும் திக்கினால் புதுக் கார்டை யோசிக்கலாம். பவர் சப்ளையின் வாட் போதுமா, பெட்டிக்குள் நீளம் கொள்ளுமா என்று அளந்துவிட்டு. பகுதிநேர வேலைச் சம்பளத்தில் பழைய கார்டு வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அதற்கு இன்னும் டிரைவர் வருகிறதா? 2012இல் அறிமுகமான கெப்ளர் வகைக் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2021இல் நிறுத்திவிட்டது.