கொள்ளைநோய்க் காலமும் குடும்பக் குதிரும்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்னும் பழமொழியை அறியாதார் நம்மில் ஒருவரும் இலர். ஆயினும் அவ்வணையைப் போடவேண்டிய காலம் எது, அதன் அளவு எவ்வளவு, அதனால் தடுக்கப்பட்ட நீர் அயலான் வீட்டிற் புகாதிருக்கச் செய்யவேண்டுவது யாது என்னும் மூன்றையும் எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. கொள்ளைநோய் பரவுகின்றது, ஊரடங்கு வரப்போகின்றது என்ற சொல் காதில் விழுந்தவுடன் அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் முதலிய பண்டங்களை வீட்டிற் சேர்த்துவைக்க முற்படுவது மனித இயல்பு. அவ்வியல்பு எப்பொழுது நன்மையாகின்றது, எப்பொழுது தீமையாகின்றது என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இதற்கு 1665-ம் ஆண்டில் இங்கிலாந்தின் தலைநகராகிய லண்டன் மாநகரில் நிகழ்ந்ததைப் போன்ற தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அந்நாளில் அந்நகரின் ஜனத்தொகை ஏறக்குறைய நாலரை லட்சம். அவ்வாண்டு வசந்தகாலத்தில் தலைகாட்டிய பிளேக் நோய் கோடையிற் பெருகிச் செப்டம்பரில் உச்சத்தை அடைந்தது. வாரந்தோறும் அச்சிட்டு வெளியிடப்பட்ட மரணக் கணக்கின்படி, செப்டம்பர் 19-ந் தேதியோடு முடிந்த ஒரே வாரத்தில் பிளேக்கினால் மாண்டவர் 7,165 பேர். ஆண்டு முழுவதற்கும் அக்கணக்குக் காட்டும் தொகை 68,596. கணக்கில் வராதோரையும் சேர்த்தால் மெய்யான தொகை இதனினும் மிகப் பெரிது என்பது சரித்திர ஆசிரியர் கருத்து.

அரசராகிய இரண்டாம் சார்லஸ் தம் பரிவாரத்தோடு நகரை நீங்கினார். பிரபுக்களும் பெருவணிகரும் வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு நாட்டுப்புறம் சென்றனர். ஏழைகளும் நடுத்தரக் குடும்பத்தாருமே பெரும்பாலும் எஞ்சினர். நோய் கண்ட வீட்டின் கதவில் ஓரடி நீளச் சிவப்புச் சிலுவைக் குறி தீட்டப்பட்டது. இறைவன் இரக்கங் காட்டுவானாக என்ற பொருளுடைய வாசகமும் அதனருகே எழுதப்பட்டது. நோயாளியோடு நோயற்றவரும் உள்ளே அடைக்கப்பட்டனர். பகலுக்கு ஒருவனும் இரவுக்கு ஒருவனுமாகக் காவற்காரர் வாயிலில் நின்றனர். உள்ளிருப்போருக்கு உணவோ மருந்தோ வேண்டுமெனில் அக்காவற்காரனே வாங்கிவருதல் வேண்டும். அவன் போகும்போது கதவைப் பூட்டித் திறவுகோலையும் உடன்கொண்டு போவான். ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் எரியாமற் கிடப்பதும் ஒரு காவற்காரனுடைய கருணையைப் பொறுத்ததாயிற்று.

அந்நாளின் நிலையை நமக்கு விரிவாகக் காட்டுவது டேனியல் டீபோ என்னும் ஆசிரியர் 1722-ம் ஆண்டில் வெளியிட்ட நூல். பிளேக் நிகழ்ந்தபோது அவர் ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவர். 1720-ல் பிரான்சு தேசத்து மார்ஸேல் துறைமுகத்தில் மீண்டும் பிளேக் எழுந்தமையால், அது கடல் கடந்து வந்துவிடுமோ என்று ஆங்கில ஜனங்கள் அஞ்சிய காலத்தில், பழைய கணக்குகளையும் மூத்தோர் வாய்மொழியையும் திரட்டி, லண்டனில் இருந்த ஒரு வியாபாரி தன் அநுபவத்தைக் கூறுவதுபோல் அதனை இயற்றினார். அவ்வியாபாரி இரண்டு மூட்டை மாவு வாங்கித் தன் வீட்டு அடுப்பிலேயே ரொட்டி சுட்டுக்கொண்டான். ஐந்தாறு வாரத்துக்குப் போதுமான பானத்தை வீட்டிலேயே காய்ச்சி வைத்தான். உப்பிட்ட வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் சேகரித்தான். இறைச்சியை அறவே விட்டான். டச்சு வணிகர் சிலர் முற்றுகையிடப்பட்ட கோட்டையைப் போலத் தம் வீடுகளை அடைத்துக்கொண்டு, எவரையும் உள்ளே விடாமலும் வெளியே போகாமலும் இருந்து உயிர்தப்பினர் என்றும் அந்நூல் கூறுகின்றது. அதே ஆண்டில் டீபோ மற்றொரு நூலையும் வெளியிட்டார்; பிளேக் வருமுன் குடும்பம் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களே அதன் விஷயம்.

இவ்வளவும் கையிற் பணமும் வீட்டிற் கிடங்கும் உடையவர் செய்யக்கூடியவை. அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவன் இரண்டு மூட்டை மாவுக்கு எங்கே போவான்? ஆகவே அவன் நாள்தோறும் சந்தைக்குப் போயினான். இறைச்சிக் கடையில் கசாப்புக்காரன் கையிலிருந்து வாங்க அஞ்சி, கொக்கியிலிருந்து தானே எடுத்துக்கொண்டான். கசாப்புக்காரனோ காசைக் கையால் தொடாமல், காடி நிரம்பிய பாத்திரத்தில் இடச் சொன்னான். மீதி வாங்கவேண்டா என்பதற்காகச் சில்லறையைச் சரியாகக் கொண்டுபோவது வழக்கமாயிற்று. இவ்வளவு எச்சரிக்கைக்கிடையிலும், உணவு வாங்க வெளியே போகவேண்டியிருந்ததே நகரத்தின் நாசத்துக்குப் பெருங்காரணம் என்பது டீபோவின் முடிவு.

இக்கால விஞ்ஞானம் அறிந்த நாம் அம்முடிவை அப்படியே ஏற்றல் இயலாது. பிளேக் கிருமியை அலெக்ஸாந்தர் எர்சின் 1894-ல் ஹாங்காங்கில் கண்டறிந்தார். அது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வாயிலாகவே பரவுவது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயின் 2020-ல் நம்மை வருத்திய கொரோனா மூச்சுக்காற்றின் வழிப் பரவுவது. அதற்கோ டீபோவின் சொல் முற்றும் பொருந்தும்.

நிற்க. லண்டனில் உணவுப் பண்டமே இல்லாமற் போயிற்றா? இல்லை என்பதே இச்சரித்திரத்தின் வியப்பு. நகரத் தலைவராகிய ஸர் ஜான் லாரன்ஸ் ஓடிப்போகாமல் ஊரிலேயே இருந்து சந்தைகளை ஒழுங்குபடுத்தினார். ரொட்டி சுடுவோர் அடுப்பை அணைத்தலாகாது, அணைத்தால் தொழிலுரிமை இழப்பர் என்று கட்டளை இருந்தது. மார்ச்சு மாதத்தில் ஒரு பென்னிக்குப் பத்தரை அவுன்ஸ் நிறையுள்ள ரொட்டி கிடைத்தது; நோய் உச்சமாயிருந்த காலத்திலும் அது ஒன்பதரை அவுன்சுக்குக் குறையவில்லை என்று டீபோ கணக்குக் காட்டுகின்றார். சந்தையில் ரொட்டி இருந்தது. வேலையிழந்த கூலிக்காரன் கையிற் பென்னியில்லை. அடைபட்ட வீட்டான் காலுக்குப் போக வழியில்லை. குறைவு பண்டத்தில் அன்று, அது போய்ச் சேரும் வழியிலேயே இருந்தது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. அச்சம் பிடித்த மனம் எதை வாங்கவேண்டும் என்பதையும் மறந்துவிடும். நாட்குறிப்பினாற் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் கற்றறிந்தவர், அரசாங்க உத்தியோகஸ்தர். அவரே 1665 ஜூன் 7-ந் தேதி சிவப்புக் குறியிட்ட வீடுகளைக் கண்டு கலங்கி, முகரவும் மெல்லவும் புகையிலை வாங்கினார். அது பிளேக்கைத் தடுக்கும் என்று அக்காலத்தவர் நம்பினர். அந்நகரின் மதில்களெல்லாம் போலி மருந்து விளம்பரங்களால் நிறைந்தன. பீப்ஸைக் கண்டு நகைக்க நமக்கு உரிமையில்லை. 2020-ல் நம் வீடுகளிலும் எத்தனை எத்தனை பொடிகளும் கஷாயங்களும் குவிந்தன என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்தையே வினவுவாராக.

லண்டனிலிருந்து வந்த துணிமூட்டையோடு அந்நோய் டெர்பிஷயர் மலைநாட்டிலுள்ள ஈயம் என்னும் சிற்றூரிலும் 1665-ம் ஆண்டிலேயே புகுந்ததாகச் சொல்வர். மறு ஆண்டு ஜூன் மாதத்தில், வில்லியம் மாம்பெஸன், தாமஸ் ஸ்டான்லி என்னும் இரு குருமாரின் சொல்லைக் கேட்டு, அவ்வூரார் தம் எல்லையைத் தாண்டுவதில்லை என்று உறுதி பூண்டனர். சுற்றூர்களுக்கு நோய் பரவாதிருக்கவே இவ்விரதம். ஆனால் உண்பது எப்படி? அயலூரார் உணவுப் பண்டங்களை எல்லைக்கற்களின்மேல் வைத்து விலகுவர். ஈயத்தார் பின்னர் வந்து எடுத்துக்கொண்டு, காடி ஊற்றிய குழிகளிற் காசை இட்டுச் செல்வர். அண்மையில் வாழ்ந்த டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார். ஏறக்குறைய 14 மாதங்களில் அவ்வூரில் 260 பேர் மாண்டனர். மாம்பெஸனின் மனைவியும் அவர்களுள் ஒருவர். உள்ளே இருந்தவரின் தியாகத்தை உலகம் போற்றுகின்றது. வெளியே இருந்தவர் நாள் தவறாமற் கொண்டுவந்து வைத்த உணவின்றி அத்தியாகம் நிலைத்திராது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2020 மார்ச்சு 13-ந் தேதியன்றே, 1955-ம் வருஷத்து அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் முகக்கவசமும் கை தூய்மை செய்யும் திரவமும் கொண்டுவரப்பட்டன. பதுக்கலும் விலையேற்றமும் அதற்குள் தொடங்கிவிட்டமையே காரணம். மார்ச்சு 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நள்ளிரவு முதல் தேசம் முழுவதும் 21 நாள் ஊரடங்கு. இடையிலிருந்த அவகாசம் நான்கு மணி நேரம். குதிர் நிறைந்தவர் கதவை அடைத்துக்கொண்டனர். குதிரே இல்லாத கூலியாட்கள் பெருநகரங்களை விட்டுப் பிள்ளைகளைத் தோளிற் சுமந்து நூற்றுக்கணக்கான மைல் நடந்தனர். ஏப்ரல் 26-ந் தேதி முதல் சென்னை, கோயமுத்தூர், மதுரை நகரங்களில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டபோது, முந்தின நாள் கடைத்தெருக்களில் திரண்ட கூட்டத்தை நாம் மறக்கவில்லை. கோயம்பேட்டுச் சந்தை நோய் பரவும் இடமாகி மே 5-ந் தேதி மூடப்பட்டது. நோய்க்கு அஞ்சிச் சேர்க்கப் போன இடத்திலேயே நோயையும் சேர்த்துக்கொண்டு வந்தவர் பலர்.

இதைப் பிறர்மேற் குற்றமாக எழுதுகின்றேன் அல்லேன். மார்ச்சு 24-ந் தேதி பகலில் எங்கள் ஊர்க் கடைத்தெருவிற் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவன் நான். எங்கள் வீட்டில் அரிசி இருந்தது. இருந்தும் இரண்டு மூட்டை வாங்கினேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு தாய், இரண்டு படி அரிசிக்குக் காசை முந்தானையில் முடிந்து வந்திருந்தாள். அரிசி தீர்ந்தது என்று கடைக்காரர் கையை விரித்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் மூட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போயினாள். அவ்வரிசியில் ஒரு மூட்டை ஆடி மாதம் வரை கிடந்து வண்டு பிடித்தது. வண்டு தின்றது என் அரிசியன்று, அவளுடைய அரிசி என்று இன்றும் என் மனம் சொல்லுகின்றது.

நம் முன்னோர் சேமிக்கவில்லையா? குதிரும் குலுக்கையும் பத்தாயமும் எதற்கு இருந்தன? அறுப்பு முடிந்து நெல் மலிந்திருக்கும்போது நெல்லையும், மாசி பங்குனியிற் புளி வரும்போது புளியையும், வெயில் காயும்போது வற்றலையும் வடகத்தையும் அவர்கள் சேர்த்தனர். பண்டம் மலிந்த காலத்திற் சேர்ப்பவன் எவன் வாயையும் வறளச் செய்வதில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் அவன் சந்தைக்குப் போகாமையினாலே மற்றவனுக்கு இடமும் பண்டமும் மிஞ்சுகின்றன. இதுவே சேமிப்பு. அபாயச் செய்தி வந்தபின் அதே செயலைச் செய்தால் அது பதுக்கல். செயல் ஒன்றே, காலந்தான் அதனை அறமும் ஆக்குகின்றது, மறமும் ஆக்குகின்றது.

ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் அமைதியான நாட்களில் வாரம் சிறிது சிறிதாக வாங்கி, ஒரு மாதத் தேவையை எப்பொழுதும் கையிருப்பாக வைத்தல் நன்று. அரிசி, பருப்பு, உப்பு, புளி, எண்ணெய், சோப்பு, தீப்பெட்டி, மாற்றுக் காஸ் சிலிண்டர், குழந்தைகளுக்குப் பால்மாவு, பெண்டிருக்கு மாதவிலக்குத் துணி, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையார்க்கு வைத்தியர் குறித்த மருந்து, இவை போதும். பழையதை முன்னே எடுத்துப் புதியதைப் பின்னே வைத்துவந்தால் வண்டும் பிடியாது, பணமும் முடங்காது. அபாயச் செய்தி வந்த அன்று கடைக்குப் போகாதிருப்பதே இவ்வேற்பாட்டின் பயன்.

சேமிக்க இயலாதாரை என் செய்வது? 2020-ல் நம் மாகாண அரசாங்கம் குடும்ப அட்டை ஒன்றுக்கு ரூபாய் 1,000-மும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கியது. கூட்டம் சேராதிருக்க நாளும் நேரமும் குறித்த சீட்டுக் கொடுத்தது. மத்திய அரசாங்கம் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் அளித்தது. ஆயினும் அட்டையில்லாதவனும், நடக்க இயலாத முதியோளும், தனித்திருக்கும் நோயாளியும் அரசாங்கத்தின் கண்ணுக்கு எட்டாமற் போவதுண்டு. அவர்களை அறிந்தவர் அத்தெருவில் இருப்பவரே. நம் சங்கக் கிளைகள் ஊர்தோறும் அத்தகையோர் வீடுகளைக் கணக்கெடுத்து, ஒரு சிறு பொதுக்கையிருப்பை இப்பொழுதே ஏற்படுத்துதல் வேண்டும். நம்மவர், பிறர் என்ற வேறுபாடு நோய்க்கு இல்லை. ஆகவே அது அக்கையிருப்புக்கும் இருத்தலாகாது.

ஈயத்தின் எல்லைக்கல்லில் உணவை வைத்துச் சென்றவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியா. தம் வீட்டுக் குதிரிலிருந்து ஒரு படியைப் பிறர்க்கென்று முன்னமே எடுத்துவைத்தவர்கள் அவர்கள். அடுத்த கொள்ளைநோய் என்று வரும் என்பதை எவரும் அறியார். வரும் நாளில் நம் தெருவில் எவளும் வெறும் முந்தானையோடு திரும்பாதிருக்க இன்றே ஆவன செய்வோமாக.