நேட்டாலில் தூக்குப் படுக்கை சுமந்த தமிழர்

இன்று நாட்டுப்புறத்தில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் 108 என்னும் எண்ணை அழைக்கிறோம். பயிற்சி பெற்றோர் ஊர்தியில் வந்து, முதலுதவி செய்து, மருத்துவமனை சேர்க்கின்றனர். ஊர்தியும் எண்ணும் இல்லாத காலத்தில், தம் தோளையே வண்டியாக்கி இப்பணி செய்த தமிழர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் இருந்தனர். காந்தியடிகள் அங்கு அமைத்த தொண்டர் படையைப் பலரும் அறிவர். அப்படையில் அவரோடு நடந்தவர் யார் என்று கேட்டால் நம்மிற் பலர் விழிப்போம். தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு அவ்வினா சற்று நெருக்கமானதன்றோ?

1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், சென்னையில் ஏறியவர்களை டர்பன் துறைமுகத்தில் இறக்கிற்று. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தத் தொழிலாளராக உழைக்க வந்தவர் அவர். அவர்க்குப் பின் வந்தோருள்ளும் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் மிகப் பலர். தமிழர் பெயர்கள் பெரும்பாலும் ‘சாமி’ என்று முடிவதைக் கேட்ட வெள்ளையர், இந்தியர் எவரையும் ‘கூலி’ என்றோ ‘சாமி’ என்றோ இகழ்ந்து அழைத்தனர். “சாமி என்றால் எசமான் என்று பொருள், தெரியுமா?” எனத் திருப்பிக் கேட்ட துணிவுடையோரும் இருந்தனராம். ஒப்பந்தம் முடிந்த பின்னும் அந்நாட்டிலேயே கட்டற்றவராய்த் தங்க விழைவோர் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டும் என 1895இல் சட்டம் இயற்றப்பட்டது.

1899இல் போயர்களுக்கும் ஆங்கிலேயர்க்கும் போர் மூண்டது. தொண்டு செய்ய முன்வந்த இந்தியரை அரசு முதலில் வேண்டா என்றது; போர்முனையில் இழப்பு மிகவே இசைந்தது. டர்பனில் சமயப் பணியோடு மருத்துவமும் செய்துவந்த டாக்டர் பூத், தொண்டர்க்கு முதலுதவி கற்பித்தார். ஏறத்தாழ 1,100 பேர் திரண்டனர். அவருள் 300 பேரளவில் கட்டற்ற இந்தியர். ஏனையோர் ஒப்பந்தத் தொழிலாளர். பின்னவரை முழுத் தொண்டர் எனல் பொருந்துமோ என்பதில் எனக்கு ஐயம் உண்டு. முதலாளி விடுத்தாலன்றி அவர் வருதல் எங்ஙனம்? ஆயினும் ஸ்பியன் கோப் குன்றின் அடியில் அவர் காட்டிய உறுதி எவர் ஏவலாலும் வருவதன்று. குண்டு விழும் எல்லைக்குள் அவர் செல்ல வேண்டுவதில்லை என்பதே ஏற்பாடு. 1900 சனவரியில் அக்குன்றில் ஆங்கிலப் படை நிலைகுலைந்தபோது, கட்டாயமில்லை எனினும் வந்து உதவினால் நன்றியுடையோம் என்று தளபதி புல்லர் சொல்லியனுப்பினார். மறுப்பின்றிச் சென்றனர். காயமுற்றோரைச் சுமந்து நாளொன்றுக்கு 20, 25 மைல் நடந்தனர். அவர் சுமந்தோருள் தளபதி உட்கேட்டும் ஒருவர். பின்னர்ப் பதக்கங்கள் வந்தன. அவை தலைவர்க்கே வந்தன.

1906இல் நடந்தது இதனினும் சிறிய படை. ஆயின் நெஞ்சை மிக உறுத்துவது அதுவே. நேட்டால் அரசு ஆடவர்க்குத் தலைக்கு 1 பவுன் வரி விதித்தது. அதனை எதிர்த்துப் பம்பாட்டா என்னும் ஜூலுத் தலைவர் கிளர்ந்தெழுந்தார். அரசு அக்கிளர்ச்சியை ஒடுக்கியதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் மாண்டனர். ஜூன் மாத இறுதியில் இந்தியத் தூக்குப் படுக்கைப் படை களம் சென்றபோது பெரும்போர் முடிந்திருந்தது. அப்படையினர் 24 பேர் எனக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறிக்கிறார். அவ்வாண்டிலேயே வெளிவந்த பட்டியலில் 20 பெயர்களே உள்ளன. குசராத்தியர் சிலர் நீங்கலாகப் பெரும்பாலோர், ஒப்பந்தம் முடித்து வெளிவந்த தென்னாட்டவர் என்பது அவர் கூற்று. அப்பட்டியலில் அப்பாசாமி, முத்துசாமி, குப்புசாமி, ஆழ்வார் என்னும் பெயர்களைக் காண்கிறோம். ‘சாமி’ என்று ஏளனம் செய்யப்பட்ட அதே பெயர்கள்!

போர்க்களத்துக் காயங்களைக் கட்டச் சென்றோர் கண்டது வேறு. ஐயத்தின்பேரில் பிடித்துக் கசையடி கொடுக்கப்பட்ட ஜூலுக்களே அங்கு மிகுதியாகக் கிடந்தனர். அரசின் பக்கம் இருந்தும் தவறுதலாகச் சுடப்பட்டவரும் உண்டு. கவனிப்பாரின்றி ஐந்தாறு நாள் கிடந்து அழுகி நாற்றமெடுத்த புண்கள் அவை. வெள்ளையர் அவற்றைத் தொட மனங்கொள்ளவில்லை. மருத்துவ அதிகாரி சாவேஜ் இரக்கமுள்ளவர். இவர்களைக் கண்டு மகிழ்ந்து, கட்டுத்துணியும் கிருமிநாசினியும் தந்து நோயாளரிடம் அழைத்துச் சென்றார். புண்ணைக் கழுவுவதும் மருந்திட்டுக் கட்டுவதும் இவர்கள் தொழிலாயின. வேலிக்கு அப்பால் நின்ற படைவீரர், இப்பணியை விடுமாறு தடுத்துப் பார்த்தனர். கேளாமற்போகவே சினந்து ஜூலுக்களை வாயில் வந்தவாறு வைதனர். நோயாளரின் மொழி இவர்க்குத் தெரியாது. இவர் மொழி அவர்க்குத் தெரியாது. அவர்தம் கண்ணும் கையசைவும் நன்றி கூறின எனக் காந்தியடிகள் எழுதுகிறார்.

விரைந்து செல்லும் குதிரைப் படையின் பின்னே, தூக்குப் படுக்கையைச் சுமந்து கால்நடையாக ஓட வேண்டியிருந்தது. ஓரிரு முறை ஒரே நாளில் 40 மைல் வரை நடந்ததுண்டு. மக்கள் அங்கங்கே சிதறி வாழும் மலைச்சரிவுகளில், இது போரன்று, மனித வேட்டை என்று அவர் உணர்ந்தார். பிரமசரிய நோன்பு பற்றிய அவர் முடிவும் அந்நெடுநடைகளிற் கனிந்ததே.

இவ்விடத்து ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. படை சென்றது அரசின் பக்கம். ஜூலுக்கள் இந்தியர்க்கு எத்தீங்கும் செய்திலர். பிரிட்டிஷ் பேரரசு உலக நன்மைக்காகவே உளது என்று தாம் அந்நாளில் நம்பியதாகக் காந்தியடிகளே பிற்காலத்தில் எழுதினார். வரிக்கு அஞ்சாது எழுந்தவர் ஒருபுறம். அவ்வரசுக்கே தொண்டராய்ச் சென்ற வரிக்குரிய இனத்தார் மறுபுறம். இக்குறையைச் சுட்டும் இன்றைய வரலாற்றாசிரியரை நாம் வைதல் வேண்டா. எனினும், அடித்தவர் கட்டாத புண்ணைக் கட்டியவை நம்மவர் கைகள் என்பதும் வரலாறே.

ஜூலையில் படை கலைந்தது. 3 பவுன் வரியோ நீங்கவில்லை. 1913இல் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரும் கடற்கரைத் தோட்டத் தொழிலாளரும் வேலை நிறுத்தி, சிறையும் சாவும் ஏற்ற பின்னரே, 1914இல் அது நீங்கிற்று. அந்த இரு போர்களுக்கும் தாம் பெற்ற பதக்கங்களை, கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தோடு சேர்த்து, காந்தியடிகள் 1920 ஆகஸ்டில் வைசிராய்க்குத் திருப்பி அனுப்பினார்.