கூரை பின்தங்கும் நிமிடங்கள்

நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகத்தில் பெரும்பகுதி வேலை ஒன்றுதான்: விண்மீன் வடதெற்குக் கோட்டைக் கடக்கும் நொடியைக் குறித்துக்கொள்வது. அதற்கான கருவி மேலும் கீழும் மட்டுமே அசையும். ஆகவே கூரையில் வடதெற்காக ஒரு பிளவு போதும். வானம் சுழன்று வந்து தானாகப் பிளவுக்குள் நிற்கும். ஆய்வாளர் காத்திருந்தால் ஆயிற்று. தாமஸ் கிளான்வில் டெய்லர் 11,015 விண்மீன்களுக்குப் பட்டியல் போட்டது இந்தப் பொறுமையால்தான்.

நார்மன் போக்சன் அங்கே தலைமை வானியலாளராக இருந்த காலத்தில், 1860களில், 8 அங்குலத் தொலைநோக்கி வந்தது. காத்திருக்கும் கருவியல்ல இது. விண்மீனைத் துரத்தும் கருவி. இத்தகைய கருவிக்குக் கூரையும் கூடவே சுழன்றாக வேண்டும். கூரையை ஆள் கையால் சுற்றும்வரை சிக்கல் பெரிதில்லை. ஓரம் மறைத்தால் கண் சொல்லிவிடும், கை திருத்திவிடும். மோட்டாரிடம் வேலையைக் கொடுத்த பிறகுதான், கண்ணாடியில் பாதியைக் கூரை மறைத்திருப்பது யாருக்கும் தெரியாமலே இரவு கழியத் தொடங்கியது.

காரணம் கணக்கில் இருக்கிறது. தொலைநோக்கியின் குழல் பல சமயம் குவிமாடக் கூரையின் நடுவில் இருப்பதில்லை. ஜெர்மன் வகைத் தாங்கியில் அது அச்சுக்கு ஒரு பக்கமாகத் தள்ளியே நிற்கும். அதனால் குழல் காட்டும் திசை வேறு, பிளவு நிற்க வேண்டிய திசை வேறு. கலிபோர்னியாவின் பாலோமரில் 1948இல் திறந்த 200 அங்குலத் தொலைநோக்கிக்கு, ஆயிரம் டன் அளவிலான குவிமாடத்தை இயக்கக் கணினி ஏது? பெரிய கருவியைப் போலவே அசையும் ஒரு குட்டி மாதிரியைச் செய்து, குவிமாடத்தை அதன் சொற்படி ஓடவிட்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஆவி’.

இன்று அந்த ஆவியின் இடத்தில் மென்பொருள் இருக்கிறது. கோளாறு மட்டும் பழசு. எல்லாத் திசையிலும் பிளவின் விலகல் ஒரே அளவா? தொடக்கப் புள்ளியைக் காட்டும் ‘சுவிட்ச்’ இடம் மாறியிருக்கும். நேரம் ஆக ஆக விலகல் கூடுகிறதா? கூரையை உருட்டும் ரப்பர்ச் சக்கரம் வழுக்குகிறது. பனி இறங்கும் இரவில் இது சகஜம். குழல் தாங்கியின் மறுபக்கத்துக்கு மாறியதும் விலகலும் பக்கம் மாறினால், மையத்திலிருந்து குழல் இருக்கும் தூரத்தைத் தப்பாக அளந்து கணினிக்குக் கொடுத்திருக்கிறார்கள். மோட்டாரைக் கழற்றுமுன் அளவுநாடாவை எடுப்பது நல்லது.

நம் பக்கத்து அட்சரேகைகளில் இன்னொரு தொல்லை உண்டு. இலங்கையின் மன்னார்ப் பகுதியிலுள்ள பெரியமடு ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருக்கிறது. திருவோண விண்மீன் அங்கே உச்சிக்கு ஒரு பாகைக்குள் கடந்து போகும். கிழக்கே உதித்து ஆறு மணி நேரம் அது நேராக மேலேறும்போது கூரை பத்துப் பாகைகூடத் திரும்ப வேண்டியதில்லை. உச்சியைத் தொட்டதும் நிலைமை தலைகீழ்: கிழக்கே பார்த்த பிளவு சில நிமிடங்களில் மேற்கே வந்தாக வேண்டும். ஜவ்வாது மலையின் காவலூரில், 1986 ஜனவரி 6 அன்று 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்ட வைணு பாப்பு வானாய்வகத்தில், மக விண்மீன் இதே வித்தையைக் காட்டும்.

திருகோணமலையில் 1901இல் வியாழனைக் கவனித்து அதன் தென் வெப்பமண்டலக் குழப்பத்தைக் கண்ட மேஜர் பெர்சி மோல்ஸ்வொர்த்துக்கு இந்தத் தொல்லை வர வாய்ப்பில்லை. வியாழன் அப்போது தனுசு ராசியில், உச்சிக்கு வெகு தெற்கே சென்றுகொண்டிருந்தது.

குவிமாடப் பிளவை உச்சியோடு நிறுத்தாமல் மறுபுறமும் சற்று நீட்டி வெட்டுவதற்கு உச்சியில் வரும் இந்தத் தொல்லையும் ஒரு காரணம். அந்தக் கூடுதல் இடைவெளி வழியே குழல் பார்த்துக்கொண்டிருக்க, கூரை நிதானமாகத் திரும்பிக்கொள்ளலாம்.