மஞ்சள் வேட்டியும் 1785-ம் வருஷத்துப் புத்தகமும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ பாட்டிக்கு உடம்பு சரியில்லை. இதயம் பலவீனம்னு ரெண்டு வருஷமா டிஜாக்சின் மாத்திரை, கூடவே நீர் பிரியறதுக்கு ஒரு மாத்திரை. ஒரு வாரமா சாப்பாடு இறங்கலை, குமட்டல். அம்மா "கேஸ்தான்டா"ன்னு ஓம வாட்டர் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. பாட்டி வேற, "தாத்தா வேட்டி ஏன் இப்படி மஞ்சளா இருக்கு, ஒழுங்கா துவைக்கக் கூடாதா?"ன்னு ஒரே சண்டை. வேட்டி வெள்ளையாத்தான் இருந்துச்சு!

டாக்டர் நாடி பிடிச்சுப் பார்த்து, இ.சி.ஜி. எடுத்துட்டு, "வேட்டி விஷயத்தை மொதல்லயே சொல்லியிருக்கணும்"னார். டிஜாக்சின் அளவு ஏறி விஷமாகிக்கிட்டு இருந்திருக்கு. மாத்திரையை நிறுத்தி, அட்மிட் பண்ணி, பாட்டி பொழைச்சு வந்தாங்க.

பொட்டி தட்டுற புத்தி சும்மா இருக்குமா? தேடினேன். அந்த மஞ்சள் வேட்டி 1785-லயே பதிவாகியிருக்குங்க.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் வில்லியம் விதரிங் என்று ஒரு டாக்டர். உடம்பு வீங்குற நோய்க்கு ஒரு வயசான அம்மா ரகசியமா வச்சிருந்த குடும்ப மருந்தைப் பத்தி 1775-ல் அவரிடம் கருத்துக் கேட்டாங்க. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்யறது ஃபாக்ஸ்குளோவ் செடிதான்னு கண்டுபிடிச்சார். நம்ம டிஜாக்சினும் அந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து வந்ததுதான். 1930-ல் சிட்னி ஸ்மித் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்.

ஆரம்பத்தில் விதரிங்கும் அளவை அதிகமாத்தான் கொடுத்தார். பத்து வருஷம் பார்த்து, குறைச்சு, 160-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கதையைப் புத்தகமாப் போட்டார். தேறினவங்க மட்டுமில்லை, தேறாதவங்களும் அதில் இருக்காங்க. ப்ரொடக்‌ஷன்ல பக் வந்தா லாகை அழிக்கிற ஆளுங்களைப் பார்த்த எனக்கு, இது பெரிய விஷயமாப் பட்டுச்சு. அளவு மீறினா குமட்டல், வாந்தி, பொருள்கள் பச்சையாவோ மஞ்சளாவோ தெரியறது, நாடி நிமிஷத்துக்கு 35 வரைக்கும் இறங்கறதுன்னு எழுதியிருக்கார். அவர் சொன்ன விதி: சிறுநீர், வயிறு, நாடி, குடல் இதில் எதிலாவது மருந்தின் வேலை தெரிஞ்ச உடனே நிறுத்து.

அதுக்கப்புறம் கருவிகள் வந்தன. ரத்தத்தில் டிஜாக்சின் அளவைக் கணக்கிடும் முறை 1969-ல் பாஸ்டனில் வெளியானது. 1971-ல் இன்னொரு அதிர்ச்சி: ஒரே மில்லிகிராம் போட்ட மாத்திரைகளுக்குள்ளேயே, தயாரிப்பைப் பொறுத்து ரத்தத்தில் ஏறும் அளவு ஏழு மடங்கு வரை மாறுச்சு. 1997-ல் வந்த 6800 நோயாளிகளின் ஆய்வில், டிஜாக்சின் ஆஸ்பத்திரிக்குப் போறதைக் குறைச்சது, மரணத்தைக் குறைக்கலை. அந்தத் தரவையே 2003-ல் திரும்பத் தோண்டினப்போ, ஆண்களில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.8 நானோகிராம் இருந்தவங்க நல்லா இருந்தாங்க, 1.2-க்கு மேல் போனவங்களில் சாவு கூடியிருந்தது. எவ்வளவு குறுகலான பாதை பாருங்க!

பாட்டி விஷயத்தில் நடந்ததும் இப்போ புரியுது. இந்த மருந்து பெரும்பாலும் கிட்னி வழியாத்தான் வெளியேறும். வயசாச்சு, கிட்னி மந்தம். நீர் மாத்திரையால் பொட்டாசியமும் குறைஞ்சுடுச்சு. இதய செல்லில் டிஜாக்சின் ஒட்டுற இடத்துக்குப் பொட்டாசியமும் போட்டி போடும். போட்டிக்கு ஆள் குறைஞ்சா மருந்துக்குக் கொண்டாட்டம். அதனால் மாத்திரை எண்ணிக்கை மாறாமலே அது விஷமாகலாம். கிட்னி, பொட்டாசியம் டெஸ்ட்டெல்லாம் அடிக்கடி எடுக்கச் சொல்றது இதுக்குத்தான். ரத்தத்தில் மருந்து அளவு பார்க்கறதுன்னா, மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது கழிச்சுப் பார்க்கணும்.

இப்போ அம்மா ஒரு நோட்டுல தினமும் பாட்டியோட நாடி, சாப்பாடு, குமட்டல் எல்லாம் எழுதறாங்க. கடைசியில ஒரு கட்டம் நான் சேர்த்தது: "வேட்டி என்ன கலர்?" :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு நீங்களா மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அறிகுறி தெரிஞ்சா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. நாங்க ஒரு வாரம் ஓம வாட்டர் குடுத்தோம்.